ஒரு மணித்தியாலப் பறப்புக்கு ஆர் பிணை?

வடக்கே பலாலியிலிருந்து கொழும்பு இரத்மலானைக்கு வானில் முந்நூற்று முப்பது கிலோமீற்றர். ஒரு மணித்தியாலம். இன்று காலை தங்கராசா அண்ணையைக் கண் ஒப்பரேசனுக்குக் கூட்டிக்கொண்டு பறந்தேன்.

யுத்த நேரம், 1992இல், இதே கொழும்புக்கு எனக்கு நான்கு நாள் பிடித்தது. சைக்கிள், கிளாலியில் வள்ளம், பிறகு நடை, பஸ்.

அதற்கு முதல், ஊரை விட்டு வெளியேற இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். நான் திரும்பி வருவேன் என்று ஊரில் ஒருவர் பிணை நின்றால்தான் பாஸ். சொந்தக்காரர்கள் தயங்கினார்கள். கோப்பாயில் பக்கத்து வீட்டுக்காரரான இதே தங்கராசா அண்ணைதான் கையெழுத்து வைத்தார்.

நான் திரும்பவில்லை. அதனால் அவருக்கும் பாஸ் கிடைக்கவில்லை. வவுனியாவில் நடந்த சொந்தத் தங்கையின் கலியாணத்துக்கே அவரால் போக முடியவில்லை. இதுகூட அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இன்று கவுண்டரில் இருந்த பிள்ளை அடையாள அட்டையைப் பார்த்ததும் போர்டிங் பாஸை நீட்டினாள். அண்ணை நகரவில்லை.

"பிணைக்கு ஆள் வேண்டாமோ, பிள்ளை?"

அவள் விளங்காமல் என்னைப் பார்த்தாள்.

"நான் நிக்கிறன் அண்ணை" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயோ? நீ போனால் திரும்பி வராத ஆளெல்லோ!"

இந்த முறை திரும்பி வர இரண்டு ரிக்கற்றும் என் பையில் இருக்கின்றன, அண்ணை.

உங்களுக்கு ஆர் பிணை நின்றவை? பேரைக் கீழே போடுங்கோ.