கருவாட்டு முறையில் எண்ணிய பறவைகள்

பரங்கிப்பேட்டைக் கருவாட்டுக் கிட்டங்கியில் அப்துல் முத்தலிப் எண்ணிவிட்டால் மறு எண்ணிக்கை கிடையாது. வாங்குகிறவனும் வாய் திறக்க மாட்டான், விற்கிறவனும் திறக்க மாட்டான். முப்பது வருஷம் குனிந்து எண்ணியதில் அவர் முதுகு வளைந்ததே தவிர, எண் வளைந்ததில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் ஜாஸ்திதான். இருக்கட்டும், வேறு என்ன சொத்து இருந்தது அவரிடம்?

அறுபத்தாறாம் வருஷம் தை மாதம், சிதம்பரத்திலிருந்து வைத்திலிங்கம் என்ற காலேஜ் வாத்தியார் அவரைத் தேடி வந்தார். ஊருக்கு வெளியே இருந்த கோரையேரியை வடித்து நெல் போட அரசாங்கம் முடிவு செய்திருந்தது. நாட்டில் அரிசிப் பஞ்சம், தப்பென்று சொல்லவும் முடியாது. குளிர்காலத்துக்கு வருகிற பறவைகள் பத்தாயிரத்துக்குக் குறையாமல் இருந்தால் ஏரியை விட்டுவிடலாம் என்று, மனு மேல் மனு போட்டு ஓர் அதிகாரியைச் சம்மதிக்க வைத்திருந்தார் வாத்தியார். ஊர்க்காரர்களே ஒரு காலையில் கூடி எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும்.

முத்தலிப்புக்குப் பறவை மேல் ஒன்றும் அக்கறை இல்லை. ஆனால் அவர் தங்கை ஷரீபா புருஷனை இழந்தவள். அந்த ஏரிக் கோரையை அறுத்துப் பாய் முடைந்துதான் இரண்டு பெண் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஏரி போனால் அவள் கதி அதோகதி. அதற்காகவே போனார்.

ஐந்து பேர் கரையைப் பிரித்துக்கொண்டார்கள். வாத்துகள் அடை அடையாகக் கிடந்த மேற்குக் கரையை முத்தலிப்புக்குக் கொடுத்தார்கள். வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? ஷரீபா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நூற்றுக்கு ஒரு புளியங்கொட்டையாக அவள் மடியில் போட்டுக்கொண்டே வந்தார். வெயில் ஏறியபோது எண்பத்தொரு கொட்டை. மற்ற நாலு பேருடையதும் சேர்ந்து ஆயிரத்து அறுநூறு. ஆக மொத்தம் ஒன்பதாயிரத்து எழுநூறு. வாத்தியார் மூன்று தரம் கூட்டிப் பார்த்தார். முன்னூறு குறைந்தது குறைந்ததுதான். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பத்து நாள் கழித்துக் கிட்டங்கியில் வாளைக் கருவாடு எண்ணிக்கொண்டிருந்தார். "நூறு" என்று குரல் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு கொசுறு ஐந்தை எடுத்துப் போட ஆரம்பித்தார். நூற்றுக்கு ஐந்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது, அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்தக் கிட்டங்கியில் உள்ள முறை. ஐந்தாவது கருவாடு கையிலேயே நின்றுவிட்டது. ஏரிக்கரையிலும் ஒவ்வொரு நூறுக்கும் ஐந்து பறவையை வாய் மூடித் தள்ளிவிட்டுத்தானே அடுத்த நூறை ஆரம்பித்தார். எண்பத்தொரு நூறுக்கு நானூற்றைந்து பறவை. அல்லாவே என்று சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கே பஸ் பிடித்துச் சிதம்பரம் போனார்.

"நான் நம்புறேன் பாய்," என்றார் வைத்திலிங்கம். "முன்னூறு கொறையுதுன்னு தெரிஞ்ச பொறவு வந்து நானூறக் கூட்டினா ஆபீசுல எவன் நம்புவான்?"

"நான் எண்ணுனா தப்பாதுன்னு ஊருக்கே தெரியும் சார்."

"அதான் வம்பு. அதையே எழுதித்தான் உங்க எண்ணிக்கைய அனுப்பிவச்சேன்."

இருந்தும் வாத்தியார் எழுதிப் போட்டார். எண்ணிக்கை முடிந்த விஷயம் என்று பதில் வந்தது. மறுபடி எண்ணலாம் என்றால், அதற்குள் பங்குனி பிறந்து பறவைகள் போய்விட்டன. வைகாசியில் வாய்க்கால் வெட்டினார்கள். ஒரு வாரத்தில் ஏரி காலி. உப்புப் பூத்த அந்தத் தரையில் நெல் விளைந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஷரீபா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குறிஞ்சிப்பாடிக்குக் கிளம்பினாள். அங்கே ஒரு ரைஸ் மில்லில் நெல் காயவைக்கிற வேலை. பஸ் ஏற்றிவிடப் போன இடத்தில்தான் முத்தலிப்புக்குத் தைரியம் வந்தது. நாலு மாதம் தங்கை முகத்தைப் பார்க்கப் பயந்து திரிந்த மனுஷன்.

"என்னாலதான் போச்சு ஷரீபா. நூத்துக்கு அஞ்ச எண்ணாம விட்டுட்டேன்."

அவள் மூட்டையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"விட்டத நானும் பாத்தேண்ணே. கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. எண்ணுறப்ப குறுக்கப் பேசுனா ஒனக்குத்தான் ஆகாதே."

பஸ் வந்தது. பிள்ளைகளை முதலில் ஏற்றிவிட்டு அவளும் ஏறிக்கொண்டாள்.