தேசிக்காய் நசியாத ஜீப்

மில்லிக்கனில் ஒரு கராஜ். பனி கொட்டிக்கொண்டே இருக்கிறது. உள்ளே, என்னை ஏற்றிவந்த நண்பரின் காருக்கு எண்ணெய் மாற்றுகிறார்கள். நான் கோப்பியோடு வாசலில் நிற்கிறேன். புது ஜீப் ஒன்றின் அருகே கைகட்டி நிற்கும் பெண், கணவர் கெஞ்சியும் ஏற மறுக்கிறாள்.

“என்ன நடந்தது?” என்று அவளிடம் கேட்கிறேன்.

“நேற்றுக் கோயில்ல வாகனப் பூசை, அண்ணை. சில்லுக்குக் கீழ வைச்ச தேசிக்காய் நசியேல்லை. ஐஸில சில்லு அதைத் தள்ளிக்கொண்டு சறுக்கினது. அபசகுனம். பிள்ளையை ஏத்திக்கொண்டு இந்த ஜீப்பை ஓடப்போறது நான்.”

கணவர் மெக்கானிக்கிடம் திரும்புகிறார். “நாலு சில்லும் இழுக்கிற ஜீப். உதுக்கும் ஸ்நோ டயர் வேணுமே?”

மெக்கானிக் குந்தியிருந்து டயரை விரலால் அழுத்துகிறார். “நாலும் இழுத்தா வெளிக்கிடலாம், பிரேக் அடிச்சா நிக்கேலாது. குளிருக்கு உந்த ரப்பர் கல்லாப் போச்சு. தங்கச்சி, சகுனம் பிழையில்லை, டயர்தான் பிழை.”

“அப்ப முன்னுக்கு ரெண்டு மட்டும்…”

“பின்பக்கம் சுழட்டி எறியும். நாலையும் மாத்துங்கோ.”

மாற்றுகிறார்கள். ஆழமாக வெட்டிய, தொட்டால் அமுங்கும் கறுப்பு ரப்பர். நேற்றுத் தப்பிய தேசிக்காயை அவள் கைப்பையிலிருந்து எடுத்து, வாசலில் உறைந்து கிடக்கும் பனியில், முன்சில்லுக்கு நேரே வைக்கிறாள். கணவர் ஜீப்பை மெல்ல நகர்த்துகிறார். பனி கறகறக்கிறது. பிறகு சின்னதாக ஒரு சத்தம். வெள்ளையில் சாறு பரவ, குளிர்காற்று புளிப்பாய் மணக்கிறது.

அவள் போய்க் கணவர் பக்கக் கதவைத் திறக்கிறாள்.

“இறங்குங்கோ. நான் ஓடுறன்.”