கோட்ரஸில் சனிக்கிழமையும் இருந்தவள்

காய்கறி வண்டிக்காரரோடு கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஏற்காடு மலையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்த மாதம்மாள். "நம்ம புவனா டீச்சரு போயிட்டாங்க" என்றார். எங்கே போனாள் என்று கேட்டேன். சிறுநீரகம் கெட்டு நாலு மாதமாகப் படுத்திருந்தவள் என்று தெரிந்தும் அப்படித்தான் கேட்டேன். யார் வீட்டுக்காவது எதையாவது விசாரிக்கப் போய்க்கொண்டே இருந்தவள் அவள். என்னைவிட எட்டு வயது இளையவள். அவர், இவர் என்று எழுதினால் வேறு யாரையோ எழுதுகிற மாதிரி இருக்கிறது. அவளோடு வேலை பார்த்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வாழவந்தியைத் தாண்டி வடக்குச் சரிவில் இருந்த அந்த ஊருக்கு நான் ஜூன் மாதம் தலைமையாசிரியையாகப் போனேன். புவனா ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்தாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஆசிரியர் குடியிருப்பு. இரண்டு அறை, ஒரு சமையலறை, மழை வந்தால் ஒழுகும் தகரக் கூரை. ஊரில் அதைக் கோட்ரஸ் என்பார்கள். யாரும் உள்ளே வர மாட்டார்கள். கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டு, "டீச்சருங்க" என்று குரல் கொடுப்பார்கள். நான் அதை மரியாதை என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். புவனா வந்த மறுநாளே மாதம்மாளிடம் ஏன் என்று கேட்டுவிட்டாள். "ஆபீசுக்குள்ள யாருங்க போவாங்க? ஊடுன்னா அடுப்பு எரியணுமில்ல, வெள்ளிக்கிழமையானா பூட்டிப்புடறீங்களே" என்றார் மாதம்மாள். எனக்குச் சுருக்கென்றது. அது உண்மைதான். வெள்ளிக்கிழமை மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு, சேலத்து வீட்டுக்குப் போக ஏற்காடு பஸ்ஸுக்கு ஓடுவேன். திங்கட்கிழமை காலையில்தான் திரும்புவேன்.

புவனா மட்டும் மாதத்துக்கு மூன்று சனி ஞாயிறு அங்கேயே இருந்தாள். ஓமலூரில் வீடும் வீட்டுக்காரரும் இருக்க, இந்தக் குளிரில் இவளுக்கு என்ன வேலை என்று எனக்கு மண்டை குடையும். ஒருநாள் வாயைவிட்டுக் கேட்டேன். "எங்க ஊட்ல நான் இவ்ளோ கேள்வி கேட்டா திட்டறாருங்க டீச்சர். இங்க சாயந்தரம் ஒரு ஊட்டுக்குப் போனா, எல்லாரும் பதில் சொல்றாங்க" என்றாள். சாமை எப்போது விதைப்பார்கள், பலாப்பழம் வெடித்தால் ஏன் சத்தம் வராது, எல்லாம் கேட்பாள். வந்து என்னிடம் ஒப்பிப்பாள். நான் அரைக் காதில் கேட்டபடி நோட்டுத் திருத்துவேன்.

அந்த வருஷம் முதல் வகுப்பு வருகைப் பதிவேட்டில் கோகிலவாணி என்றொரு பெயர் இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் சேர்த்துவிட்டுப் போன பிள்ளை. ஜூனிலிருந்து ஒருநாள்கூட வரவில்லை. அப்பா பெயர் சேர்வராயன். அங்கே வீட்டுக்கு வீடு ஒரு சேர்வராயன். ஊரில் விசாரித்தேன். அப்படி ஒரு பிள்ளையே இல்லை என்றார்கள். குடகுப் பக்கம் எஸ்டேட் வேலைக்குப் போன குடும்பமாக இருக்கும் என்று நானே முடிவு கட்டி, பெயரை நீக்கக் கடிதமும் எழுதி வைத்துவிட்டு டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை கீழே இறங்கினேன்.

திங்கட்கிழமை நான் பஸ்ஸை விட்டு இறங்கும் இடத்திலேயே புவனா நின்றிருந்தாள். சனிக்கிழமை சாயந்தரம் மூன்றாம் வகுப்பு செல்வியின் வீட்டுக்குப் போயிருக்கிறாள். ரேஷன் கார்டில் ஏதோ பார்த்துச் சொல்லச் சொல்லி அவள் அம்மா நீட்டியிருக்கிறார். அதில் கோகிலவாணி என்று இருந்தது. இது யாருங்க என்று கேட்டதற்கு, அந்த அம்மாள் அடுப்படியில் உட்கார்ந்திருந்த செல்வியின் தங்கை சிட்டுவைக் காட்டியிருக்கிறார். பிரசவம் பார்த்த நர்ஸ் எழுதிய பெயராம். அதற்கப்புறம் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை.

சிட்டு என் வகுப்பில் ஆறு மாதமாக முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவள். அக்காளோடு ஒட்டிக்கொண்டு வருகிற சின்னது என்று நினைத்து, ஒரு பழைய சிலேட்டைக் கொடுத்து உட்கார வைத்திருந்தேன். அவளை எதிரே வைத்துக்கொண்டே தினமும் சிவப்பு மையில் அவளுக்கு ஆப்சென்ட் போட்டிருக்கிறேன். வகுப்புக்குள் நுழைந்ததும், பேர் கூப்பிட்டால் உள்ளேன் என்று சொல்வதற்கென்ன என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். அவள் மிரளவில்லை.

"அந்தப் புள்ள இன்னைக்கும் வரலையாட்டம்னு நெனச்சனுங்க டீச்சர்" என்றாள்.

அவளைப் போய் உட்காரச் சொன்னேன். ஆனால் மேலதிகாரி பயம் விடுமா? குடகிலிருந்து பிள்ளை இப்போதுதான் திரும்பியது என்று எழுதி, அன்றிலிருந்து வருகை போட்டுவிடலாம் என்று புவனாவிடம் சொன்னேன். யாருக்கும் நஷ்டமில்லை, பிள்ளையின் பெயரும் நிற்கும், என் தலையும் தப்பும். அப்போதுதான் புவனா கோபப்பட்டு முதன்முதலாகப் பார்த்தேன்.

"அது எங்கயும் போவலீங்களே டீச்சர். நம்ம முன்னாடிதான உக்காந்திருந்துச்சு" என்றாள்.

அரை மணி நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தேன். பிறகு, 'மாணவி ஜூன் முதல் தவறாமல் வந்திருக்கிறாள்; நான் அறியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கல்வி அலுவலகத்திலிருந்து மெமோ வந்தது. வாங்கிக்கொண்டேன். சிட்டு இரண்டாம் வகுப்புக்குப் போனாள். கையெழுத்துப் போட்ட அந்த வாரம் நான் சேலத்துக்கு இறங்கவில்லை.

நேற்று ஓமலூரில் காரியம் முடிந்து திரும்பினேன். எங்கள் அடுக்குமாடியில் ஒரு அம்மாள் மாடிப்படி கூட்டிக்கொண்டிருந்தார். நான் பணி ஓய்வு பெற்று இங்கே வந்த நாலு வருஷமாகத் தினமும் பார்க்கிறேன். பண்டிகைக்குப் புடவைகூடக் கொடுத்திருக்கிறேன். புவனாவிடமிருந்து இதையாவது எடுத்துக்கொள்வோம் என்று நின்று, "ஏனுங்க, உங்க பேரு என்ன?" என்றேன்.

அவர் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டார். "எதுக்குங்கம்மா, நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனுங்களா?"

தப்புச் செய்தது யார் என்று சொல்லிப் புரியவைத்து, அவர் பாப்பாத்தி என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.