சித்தப்பாவுக்கு நான் சொல்லாத செய்தி

எங்கள் குடும்பத்தில் வாயை மூடத் தெரியாத ஆள் நான்தான் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. சுவிஸின் பீல் நகரத்தில் எங்கள் குசினியில் ஒரு கோப்பை உடைந்தால், அது சோலோதுர்னில் இருக்கிற மாமிக்குத் தெரிய அரை மணித்தியாலம் போதும். தெரியப்படுத்துகிறவள் நான். அப்படிப்பட்ட நான், எட்டு வயதில், ஒரு பெரிய இரகசியத்தைப் பதினேழு நாள் கட்டிக்காத்தேன். அதை நெடுங்காலம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். இப்போது சொல்லுவதில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் என் சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, மலையில் ஒரு மரவீட்டில் தனியே இருந்தார். அதற்கு முன்பு பீலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். முதலாளிக்கு வயதாகிக் கடையை மூடியபோது, சித்தப்பாவைக் கைவிட மனமில்லாமல் தனக்குத் தெரிந்த ஒருவரிடம் சொல்லி இந்த வேலையை எடுத்துக் கொடுத்தார். கோடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து தங்குகிற பெரிய வீடு அது. குளிர்காலத்தில் பூட்டிக் கிடக்கும். ஆனாலும் ஒரு ஆள் உள்ளே இருந்து அடுப்பை எரித்துத் தண்ணீர்க் குழாய்கள் உறையாமல் பார்க்கவேண்டும், கூரைப் பனியைத் தள்ளவேண்டும். டிசம்பரில் மூடுகிற பாதை ஏப்ரலில்தான் திறக்கும். அதைவிட மோசம் வெயில். அந்தச் சரிவுக்கு நவம்பர் நடுவில் பிரியாவிடை சொல்லிவிட்டுப் போகும் வெயில், பெப்ரவரியில்தான் திரும்பி வரும். நண்பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கவேண்டும். சுவிஸ்காரர் ஒருவரும் அந்த வேலைக்கு வராததில் ஆச்சரியமில்லை.

அப்பா வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சித்தப்பா கேட்கவில்லை. ஒழுங்கான வேலை இருந்தால்தான் அகதியாக வந்தபோது கொடுத்த தற்காலிக அனுமதி அட்டையை மாற்றி நல்லதாக எடுக்கலாம் என்பது அவருடைய கணக்கு. பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்று சிரித்துவிட்டு, அம்மா கட்டிக்கொடுத்த மிளகாய்த்தூளையும் கருவாட்டையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

அங்கே கைத்தொலைபேசி வேலை செய்யாது. சுவரில் ஒரு பழைய தொலைபேசி இருந்தது. அதில் மலையடிக் கிராமத்தைத் தவிர வேறெங்கும் எடுக்க முடியாதபடி பூட்டியிருந்தார்கள். ஆகவே ஞாயிறு காலை பதினொரு மணிக்கு நாங்கள் எடுப்போம். முதலில் அப்பா, பிறகு அம்மா, கடைசியில் நான். பேய்க்குப் பயமில்லையோ என்று அம்மா கேட்டால், இஞ்ச என்னைத் தவிர ஒரு ஆளில்லை, பேய்க்கும் பொழுது போகாது என்பார். ஆனால் எந்த ஞாயிறும் அவர் கேட்கிற முதல் கேள்வி, ஐயா எப்படி இருக்கிறார் என்பதுதான். ஐயா என்றால் யாழ்ப்பாணத்தில் இருந்த அவர்களின் தகப்பன், என் அப்பப்பா. அந்த அனுமதி அட்டையோடு சித்தப்பா ஊருக்குப் போக முடியாது. போனால் திரும்பி வர முடியாது.

ஜனவரியில் ஒரு புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடத்தால் வந்தேன். வாசல் நிறையச் சப்பாத்துகள். கடிகாரத் தொழிற்சாலையின் வேலை உடுப்போடு அப்பா சோபாவில் இருந்தார். அப்பப்பா காலையில் இறந்துவிட்டார் என்று அம்மா சொன்னார். எனக்கு அப்பப்பா என்றால் தொலைபேசித் திரையில் தெரிகிற பாதி நெற்றி மட்டும்தான். அழுகை வரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்ததால் கொஞ்சம் அழுதேன்.

சித்தப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்ற பேச்சு வந்தது. உடனே போன் எடுத்துச் சொல்லுங்கோ என்றார் ஒருவர். அப்பா மறுத்துவிட்டார்.

"தனிய இருக்கிறவனுக்குப் போனில சாவு சொல்லக்கூடாது. கேட்டுப்போட்டு அவன் ஆரைப் பிடிச்சு அழுறது?"

எல்லாரும் ஓம் என்றார்கள். எங்கள் ஆட்களின் வழக்கம் அது. செய்தியைக் கொண்டு நாலு பேர் நேரில் போகவேண்டும், சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருக்கவேண்டும். அடுத்த நாளே போவதென்று முடிவாகியது. ஆனால் அன்று பின்னேரமே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. மலையடிக் கிராமத்தில் மாட்டுப் பண்ணை வைத்திருந்த கமக்காரரை அப்பா போனில் கூப்பிட்டார். சக்கரமில்லாமல் பட்டியில் பனிமேல் ஓடும் வண்டியில் சித்தப்பாவுக்குச் சாமான் கொண்டுபோகிறவர் அவர். பனிச்சரிவு வரக்கூடும், இப்போது எவரும் மேலே போக முடியாது, எப்போது முடியும் என்று தெரியாது என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எடுக்காவிட்டால் சித்தப்பா யோசிப்பார், எடுத்தால் பொய் சொல்லவேண்டும். அம்மா என்னை அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்த் தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார். அப்பப்பா செத்தது என்று மூச்சும் விடக்கூடாது. எனக்கோ அது பெரிய கௌரவமாக இருந்தது. என்னை நம்பி ஒரு இரகசியம் தந்தது அதுதான் முதல் தடவை.

அப்பா கதைத்தார். வழமையான கேள்வி வந்திருக்கவேண்டும். ஓமோம், சுகம், இப்ப நித்திரையாம் என்றார். சொல்லி முடித்ததும் தொலைபேசியை என் கையில் திணித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். அம்மா பின்னால் ஓடிக் கதவைத் தட்டினார். வீட்டு நடையில் நானும் தொலைபேசியும் தனியே நின்றோம்.

நான் சத்தியத்தை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினேன். அப்பப்பா என்ற சொல்லே என் வாயில் வரவில்லை. பதிலாக என் சொந்தக் குறைகளைச் சொன்னேன். ஒவ்வொரு நாளும் மரக்கறிதான், கோழியும் இல்லை, முட்டையும் இல்லை, பள்ளிக்கூடத்திலும் இறைச்சி சாப்பிடக் கூடாதாம். மூன்று நாள் அம்மா அடுப்பே பற்றவைக்கவில்லை, பக்கத்துக் கட்டடத்து மாமிதான் பானையோடு சோறு கொண்டுவந்தா, அவவின் பருப்பில் உப்பே இல்லை. நேற்று என் சிநேகிதியின் அக்கா பெரியபிள்ளையானதுக்குச் சாமத்திய வீடு, புதுச் சட்டை வாங்கி வைத்தும் போக விடவில்லை, கோயிலுக்கும் போகக்கூடாதாம். இவ்வளவையும் ஒரே மூச்சில் கொட்டினேன். செத்த வீட்டுக்கு உரியவர்கள் எல்லாம் இப்படித்தான் இருப்பார்கள் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது. அம்மாவுக்குக் கோபம் என்றுதான் நினைத்திருந்தேன்.

 லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன்.

"எப்ப இருந்து குஞ்சு, மரக்கறி?" என்று கேட்டார்.

புதன்கிழமையில் இருந்து என்றேன்.  பிறகு, அப்பாவோடு சண்டை பிடிக்காதே, அப்பா சொன்னபடி கேள் என்று சொல்லிவிட்டு, பனி தள்ளப் போகவேண்டும் என்று வைத்துவிட்டார். அம்மா ஓடிவந்து என்ன கதைத்தாய் என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை, சாமத்திய வீட்டைப் பற்றி மட்டும்தான் என்றேன். மனமறிந்து நான் பொய் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு சித்தப்பா அப்பப்பாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. அப்பாவின் உடம்பு, தொழிற்சாலை, என் படிப்பு எல்லாம் கேட்டார், அதை மட்டும் கேட்கவில்லை. அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நல்ல காலம், மறந்துபோனான் என்று அம்மாவிடம் சொன்னார்.

பதினேழாம் நாள், சனிக்கிழமை, பனிச்சரிவுப் பயம் நீங்கிவிட்டது, வண்டி மேலே போகலாம் என்று கமக்காரர் அறிவித்தார். அப்பா, அம்மா, நான் மூவரும் வெளிக்கிட்டோம். பிள்ளையைக் கண்டால் அவனுக்கு மனம் ஆறும் என்று அம்மாதான் என்னையும் கூட்டிவந்தார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு எல்லாம் துவாயால் சுற்றிய சட்டிகளில். வழி முழுக்க இருவருக்கும் ஒரே வாக்குவாதம், முதலில் சொல்வதா, முதலில் சாப்பிட வைப்பதா என்று. சொன்ன பிறகு அவன் ஒரு வாய் தின்ன மாட்டான், வயிறு நிறைந்த பிறகு சொல்லுவோம் என்று அம்மா முடிவாகச் சொன்னார்.

பட்டி வண்டி எங்களை இறக்கிவிட்டு, இரண்டு மணித்தியாலத்தில் வருகிறேன் என்று கீழே போனது. சித்தப்பா வாசலில் நின்றார். முகம் நிறையத் தாடி. எதிர்ப்பக்க மலையின் உச்சியில் வெயில் பளீரென்று நின்றது, இந்தப் பக்கம் எல்லாம் சாம்பல் நிறம். அந்தப் பெரிய வீட்டில் ஐம்பது கட்டில்கள் இருந்தன. சித்தப்பா அடுப்படியில் ஒரு மெத்தையைப் போட்டுக்கொண்டு அந்த ஓர் அறையிலேயே சீவித்திருக்கிறார்.

திடீரென்று எல்லாரும் வந்திருக்கிறீர்களே, என்ன விசயம் என்று அவர் கேட்கவில்லை. அம்மா சோறும் கறியும் கோப்பையில் போட்டுக்கொடுத்தார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா ஆறுதலாகச் சாப்பிட்டார். அம்மா இன்னும் கொஞ்சம் போடட்டோ என்றபோது கோப்பையை நீட்டினார். எனக்கே பொறுமை போய்விட்டது, இந்த மனிசன் எப்போது தின்று முடிக்கும் என்று.

கை கழுவி வந்து இருந்த பிறகுதான் அப்பா வாய் திறந்தார்.

"தம்பி, ஐயா எங்களை விட்டிட்டுப் போட்டாரடா."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். "எப்ப அண்ணை?" என்றார்.

"முந்தநாள்," என்றார் அப்பா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டரைக் கிழமை மறைத்ததைச் சொல்ல அப்பாவுக்கு வெட்கம் என்பது எனக்கு எங்கே விளங்கப் போகிறது? பிழையைக் கண்டால் திருத்தாமல் என்னால் இருக்கவும் முடியாது. இல்லை அப்பா என்று தொடங்கினேன். சித்தப்பா சடாரென்று என் பக்கம் திரும்பினார். வெளியில் அளவுக் கம்பு நட்டிருக்கிறேன், இன்றைக்குப் பனி இன்னும் அளக்கவில்லை, நீ போய்ப் பார்த்துவா, ஆறுதலாகப் பார் என்றார். ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு அளந்து கிராமத்துக்கு அறிவிக்கிற வேலை அது. அன்றைக்கும் அவர் அளந்து முடித்திருப்பார் என்பது எனக்குத் தெரியாது.

ஒரு மீற்றர் நாற்பது. அளந்துவிட்டு யன்னலால் பார்த்தேன். உள்ளே அப்பா அழுதுகொண்டிருந்தார். பதினேழு நாளாக எங்கள் முன்னால் ஒரு சொட்டும் விடாதவர், சித்தப்பாவின் தோளில் முகத்தை வைத்து உடம்பு குலுங்க அழுதார். சித்தப்பா அவருடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். சித்தப்பாவின் கண்ணில் ஒன்றுமில்லை. அந்த இடத்தில் எனக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது. செத்தது அவருக்கும் அப்பாதானே.

எங்களோடு கீழே வரச்சொல்லி அப்பா கெஞ்சினார். ஆள் இல்லாவிட்டால் குழாய் வெடித்துவிடும் என்று சித்தப்பா மறுத்துவிட்டார். ஏப்ரல் வரைக்கும் அங்கேயேதான் இருந்தார்.

நேரில் போய்ச் சொன்னபடியால் தாங்கிக்கொண்டான், போனில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்பது அப்பாவின் திருப்தி. இரண்டாம் முறையும் சோறு வாங்கித் தின்றவன், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, கல்லு என்பது அம்மாவின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு சோலோதுர்ன் போய், ஜெனீவாவில் இருக்கிற பெரியத்தை வரைக்கும் போனது. கொண்டுபோய்ச் சேர்த்தவள் யார் என்று சொல்லத் தேவையில்லை. பனியில் இருந்து இருந்து இறுகிப்போனார் என்று நானே பலருக்கு நடித்துக் காட்டியிருக்கிறேன். சித்தப்பா ஒரு நாளும் மறுத்ததில்லை.

போன வருடம் பஸ்ஸில் இருந்து ஒரு சிநேகிதியோடு போனில் கதைத்தேன். ஒரு கிழமையாக வீட்டில் மரக்கறிதான் என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். ஐயோ, யார் வீட்டில் சாவு என்று என் வாய் தானாகக் கேட்டது. கேட்ட அந்த நொடியில்தான், எப்ப இருந்து மரக்கறி என்று அன்று சித்தப்பா ஏன் கேட்டார் என்று விளங்கியது. இறங்கவேண்டிய இடம் தாண்டி இரண்டு தரிப்பிடம் போய்விட்டேன். பதின்மூன்று நாள். ஒரு ஞாயிறில் இருந்து அதற்கடுத்த கிழமைச் சனி வரைக்கும், வெயில் வராத அந்த வீட்டில், தகப்பன் செத்ததைத் தெரிந்துகொண்டு அந்த மனிசன் தனியே இருந்திருக்கிறார். யாரைத் தனியே விடக்கூடாது என்று ஊரே கூடித் தீர்மானித்ததோ, அவரைத் தனியே விட்டவள் நான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. அவருக்கு அந்தத் திருப்தி இருக்கட்டும். அம்மா கல்லு என்று தொடங்கினால் மட்டும் இப்போது நான் எழும்பிப் போய்விடுகிறேன்.

அன்று வெளிக்கிடும்போது நடந்த ஒன்றை எவருக்கும் சொன்னதில்லை. அப்பாவும் அம்மாவும் வண்டியில் ஏறிவிட்டார்கள். சித்தப்பா குனிந்து என் தொப்பியின் நாடாவைக் கட்டிவிட்டார். அவர் மேல் கோபம் இருந்தாலும், என் கெட்டித்தனத்தை ஒருவராவது ஒத்துக்கொள்ள வேண்டாமா? அவருடைய காதுக்குள் கேட்டேன்.

"நான் ஒண்டும் சொல்லேல்லைத்தானே, சித்தப்பா?"

"ஓம் குஞ்சு. நீ ஒண்டும் சொல்லேல்லை."

சொல்லிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். நெடுநேரம் விடவில்லை. தாடி கழுத்தில் குத்தியது, வண்டிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கு வெட்கமாகவும் இருந்தது. மூச்சு முட்டுது, விடுங்கோ என்றேன். விட்டுவிட்டார்.