தீவுக்குப் போகும் என் நாவல்

ஆளில்லாத தீவுக்கு ஒரே ஒரு மாயாஜால நாவலைக் கொண்டுபோகலாம் என்றால் எதை எடுப்பீர்கள்? நம் படிப்பகப் பலகையில் இந்த மாதம் எழுதிப் போட்டிருக்கும் கேள்வி இது.

இன்று மாலை வில்லியனூர் கடைத்தெருவில், நம் படிப்பகத் தலைவரின் ஜவுளிக்கடைக்கு வேட்டி வாங்கப் போனேன். கேட்காமலேயே பதில் சொன்னார்.

"எனுக்கு இதான் சார்" என்று ஒரு தடித்த புத்தகத்தை மேசைமேல் வைத்தார். சிவப்பு பைண்டிங். முதுகில் பொன்னெழுத்தில் அவர் பெயர்.

திறந்தால், பறக்கும் மலையின் இளவரசி கதை. பத்திரிகையிலிருந்து வாராவாரம் நான் கிழித்துச் சேர்த்த தொடர். ஓரமெல்லாம் என் கையெழுத்து. பிரசவத்துக்கு வந்த மகளுக்குப் பொழுது போகவில்லை என்று, தொடர் முடிய ஒரு வாரம் இருக்கும்போதே கட்டோடு வாங்கிப் போனவர் இவர்.

"ஏங்க, இது என்னுதுங்க. திருப்பிக் குடுங்க."

"இன்னா சார் நீ! யார் பேரு போட்டிருக்குது, பாரு."

"படிச்சாச்சா?"

"நாலு வாட்டி! அந்த முடிவு இருக்குதே, கண்ணுல தண்ணி வந்துட்ச்சிபா."

வேட்டி வாங்காமல் திரும்பிவிட்டேன்.

கடைசி வாரத்துப் பக்கங்கள் இன்றுவரை என் பெட்டியில்தான் இருக்கின்றன. மனிதர் எந்த முடிவுக்கு அழுதாரோ! தாராளமாகத் தீவுக்குப் போகட்டும். அந்தப் பக்கங்களை மட்டும் நான் தரப்போவதில்லை.

உங்கள் தேர்வைக் கீழே எழுதுங்கள். படித்த புத்தகமாக இருந்தால் நல்லது.