மாமா மாட்டிய வால்வு

எங்கள் சொந்தத்தில் முதன்முதலாக நாலு சக்கர வண்டி வாங்கியவர் என் தாய்மாமா. குட்டி யானை என்று எல்லோரும் சொல்கிற சின்ன லோடு வண்டி. அதற்கு முன்னால் நாங்கள் அத்தனை பேரும் அடுத்தவர் கழனியில் கரும்பு வெட்டியவர்கள். அதனால் மாமா அந்த வண்டியைப் பொண்டாட்டியைப் போலக் கவனித்துக்கொள்கிறார் என்பாள் என் அம்மா. பொண்டாட்டியை எங்கே அப்படிக் கவனித்தார் என்று கேட்பாள் அத்தை.

ஆயில் மாற்றுகிற நாளில் வீடு ரணகளமாகும். மாமா வண்டிக்கடியில் படுத்து ஆயில் தொட்டியை அடைத்திருக்கும் போல்டைத் திருகுவார். கடைசிச் சுற்றில் அது நழுவிவிடும். சூடான ஆயில் முழங்கை வரை வழியும், வாசல் மண் கறுத்துப்போகும். நிறைமாதமாக இருந்த அத்தை அந்தக் கறையைப் பார்த்துத் தினமும் ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பாள்.

நாங்கள் இருந்த திண்டிவனத்துக்கு லோடு இறக்க வந்தபோது மாமா ஒரு பித்தளை வால்வு வாங்கிப்போய், அந்த போல்ட் இருந்த இடத்தில் மாட்டினார். அதில் சின்னதாக ஒரு கைப்பிடி. திருப்பினால் ஆயில் குழாய்த் தண்ணீர் மாதிரி நேராகக் கேனுக்குள் இறங்கும். தானாகத் திறந்துகொள்ளாமல் இருக்க ஒரு கிளிப். திருவெண்ணெய்நல்லூர் பக்கமிருந்த அவர் வீட்டுக்கு நானும் அம்மாவும் விடுமுறைக்குப் போயிருந்த நேரம் அது. ஆயிலை மாற்றி, கிளிப்பை அழுத்தி மாட்டி, இழுத்தும் பார்த்தார்.

"பாத்துக்கினியா பாப்பா, கையில ஒரு சொட்டு ஒட்டல" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது.

தெரு வேடிக்கை பார்த்ததுதான் அத்தைக்குப் பயம். ஏற்கெனவே ஒரு பிள்ளை கலைந்திருந்தது. இந்த முறை ஊர்க்கண் பட விடக்கூடாது என்று இருந்தாள். மாமாவுக்கோ வண்டியில் எலுமிச்சம்பழம் தொங்கினாலே எரிச்சல். ஆகவே அவர் குளிக்கப் போன சமயம் பார்த்து, திருவக்கரை அம்மன் கோயிலிலிருந்து வந்த கறுப்புக் கயிற்றை, வண்டியோரம் சிரமப்பட்டு உட்கார்ந்து, அடியில் கையை விட்டுக் கட்டினாள். கட்டுவதற்குத் தோதாக அங்கே அகப்பட்டது வால்வின் கைப்பிடிதான். இடைஞ்சலாக இருந்த கிளிப்பைக் கழற்றிப் போட்டாள்.

"மாமாகிட்ட சொல்லாத, கத்துவாரு" என்று என் கையில் ஒரு பிடி வறுத்த மல்லாட்டைக் கடலையை வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் வலி கண்டது. ஆம்புலன்சைக் கூப்பிடலாம் என்றாள் அம்மா.

"வூட்ல வண்டிய வச்சிக்கினு அதுக்கு எதுக்கு காத்துக்கினு இருக்கணும்? ஜல்தியா போயிடலாம்" என்றார் மாமா. அதில் பெருமையும் கொஞ்சம் இருந்தது.

பின்னால் மெத்தை போட்டு அத்தையைப் படுக்கவைத்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் முன்னால் மாமாவோடு. குறுக்கு வழியென்று கரும்பு வெட்டிய கழனிக்குள் வண்டியை விட்டார். அங்கேதான் ஏதோ ஒரு கரும்புக் கட்டை கயிற்றைப் பிடித்து இழுத்து வால்வைத் திறந்திருக்க வேண்டும்.

விழுப்புரம் ரோட்டில் ஏறியதும் மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. "அது என்னா மாமா?" என்றேன். அத்தையின் அலறலில் அவர் எதையும் கவனிக்கவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தார். இரும்பு அரைபடுகிற சத்தம் கேட்டது. வண்டி நின்றுவிட்டது.

அடியில் புகுந்து பார்த்தவர் கையெல்லாம் ஆயிலோடு வெளியே வந்தார். கையில் அந்தக் கயிறு. அத்தையின் மணிக்கட்டிலும் அதே மாதிரிக் கறுப்புக் கயிறு இருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கயிற்றைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, நடுரோட்டில் நின்று வருகிற வண்டிகளுக்கெல்லாம் கைகாட்டினார். வெகுநேரம் கழித்துத்தான் ஒரு பால் வண்டி நின்றது.

ஆஸ்பத்திரியில் அத்தையைக் காப்பாற்றினார்கள். பிள்ளை வயிற்றிலேயே இறந்திருந்தது.

அத்தை படுத்திருந்த அறைக்கு வெளியே அவளுடைய அப்பா மாமாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "இருந்த போல்ட்டு போதாதா? சொகுசு கேட்டுச்சா ஒனக்கு? என் பொண்ணு வயித்துப் புள்ளைய முழுங்கிட்டியேடா!"

"நான்தாங்க. கிளிப்பு போட மறந்துட்டேன்" என்றார் மாமா. அதை உள்ளே கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "இல்ல, மாமா போட்டாரு. நான் பாத்தேன். அத்தை..." என்று ஆரம்பித்தேன். மாமா பாய்ந்து வந்து, ஆயில் காயாத கையால் என் வாயை இறுகப் பொத்தினார். மூச்சு முட்டியது. அவருக்காகத்தானே பேசினேன், என்மேல் எதற்கு இவ்வளவு கோபம் என்று அன்றைக்கு முழுக்க அழுதேன்.