நான் திருத்தாத வரைபடம்

பல்கலைக்கழகத்தில் நானும் என் தோழியும் ஒரே மேசையில் பௌதிகவியல் படித்தோம். பரீட்சைப் புள்ளிகள் எனக்குத்தான் கூட. இருவருக்குமே வெளிநாட்டில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்த மாதத்தில் என் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இயங்காமல் போனது. அவள் போனாள். நான் ஹெவ்லொக் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கத் தொடங்கினேன். அவள் நட்சத்திரங்களை ஆராய்கிறவளானாள்.

போன வருடம் விடுமுறையில் வந்தவள், வெள்ளவத்தையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு உரை நிகழ்த்த ஒத்துக்கொண்டாள். எனக்குப் போன் எடுத்தாள்.

"ஸ்லைட் எல்லாத்தையும் ஒருக்கா பாத்துத் தாறியா? எனக்கு இப்ப தமிழில எழுதினால் ஒரே பிழை."

"ஓம், அனுப்பு" என்றேன்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குசினி மேசையில் லப்டொப்பை வைத்துக்கொண்டு பார்த்தேன். ஹைட்ரஜன் என்று எழுதியிருந்ததை எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த மாதிரி ஐதரசன் என்று மாற்றினேன். ஒற்றுப் பிழைகளைத் திருத்தினேன். பிறகு அந்த வரைபடம் வந்தது. வானியலாளர்கள் நட்சத்திரங்களை ஒப்பிட வைத்திருக்கும் படம் அது. ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு புள்ளி. மேலே போகப் போகப் பிரகாசம் கூடும். இடப்பக்கம், நீலத்தை நோக்கிப் போகப் போக வெப்பம் கூடும். மற்ற வரைபடங்களுக்கு நேர்மாறு. வெப்ப எண்களைத் தமிழ்ப் படத்தில் திரும்ப அடிக்கும்போது அவள் மற்ற வரைபடங்களில் போல இடமிருந்து வலமாகக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். நீல நட்சத்திரங்களின் கீழே மூவாயிரம் பாகை, சிவப்பின் கீழே முப்பதாயிரம்.

கண்ட உடனே தெரிந்தது. கை விசைப்பலகையில்தான் இருந்தது. எண்களைத் தொடாமல் கையை எடுத்துவிட்டேன்.

"எல்லாம் சரி" என்று வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவள் ஒரு இதயம் போட்டாள்.

சனிக்கிழமை பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் முன்வரிசையில். அவள் குறிப்பு ஒன்றும் இல்லாமல் கதைத்தாள். வாயுவும் தூசியும் சேர்ந்த முகில் தன் பாரத்தாலேயே உள்ளுக்குள் சுருங்குவதையும், நடுவில் சூடேறி ஐதரசன் ஈலியமாக மாறத் தொடங்கும்போது நட்சத்திரம் பிறப்பதையும், பெரியவை அவசரமாக எரிந்து முடிய, சின்னவை நெடுங்காலம் இருப்பதையும் சொன்னாள்.

"ஒரு நட்சத்திரம் பிறந்து சாகும்வரை ஆராலயும் பாத்துக்கொண்டிருக்க ஏலாது. அப்ப எப்பிடி எங்களுக்குத் தெரியும்? நீங்கள் வெளிய இந்த வெள்ளவத்தைக் காலி வீதியில பஸ் ஏறுறீங்கள். கைக்குழந்தையும் இருக்கு, பள்ளிக்கூடப் பிள்ளையும் இருக்கு, வயசானவரும் இருக்கிறார். ஒருத்தரும் உங்களுக்கு முன்னால வளரேல்ல. ஆனால் மனுசர் எப்பிடி வளருகினம் எண்டு விளங்குதெல்லே? நாங்களும் அப்பிடித்தான், பல வயசு நட்சத்திரங்களை ஒப்பிட்டுப் பாக்கிறம்."

பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். இத்தனை வருடம் படிப்பிக்கிறேன், தினமும் அந்த பஸ்ஸில்தான் போய்வருகிறேன். இந்த உதாரணம் எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. வயிறு எரிந்தது. அந்த ஸ்லைட் எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

வந்தது. என் மாணவி ஒருத்தி எழும்பினாள்.

"மிஸ், கீழ எண்கள் மாறி இருக்கு. நீலத்துக்குத்தானே சூடு கூட?"

மேடையில் நின்ற என் தோழி திரும்பித் திரையைப் பார்த்தாள். "ஓம் பிள்ளை, நான் பிழையாப் போட்டிட்டன்" என்றாள். முகம் சிவக்கவும் இல்லை, குரல் தடுமாறவும் இல்லை. "ஆர் உங்களுக்குப் படிப்பிச்சது?"

மாணவி என்னைக் காட்டினாள். அவள் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். அவளுக்கு விளங்கிவிட்டது.

"அப்ப உங்கட மிஸ்ஸுக்குத்தான் கைதட்ட வேணும்" என்றாள். மண்டபமே கைதட்டியது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

எல்லோரும் போனபின் வயர்களைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

"நீ கண்டனீதானே?"

"ஓம்."

"ஏன் சொல்லேல்ல?"

"நீ ஒருக்காவாவது பிழை விடுறதை மற்ற ஆக்களும் பாக்க வேணும் போல இருந்தது."

அவள் கையிலிருந்த வயரை மேசையில் வைத்தாள். "நான் விடுற பிழையை நீ எத்தினை தரம் பாத்திருப்பாய்? உன்ர கொப்பியைப் பாத்துத்தானே நான் பாஸ் பண்ணினனான்." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை.

வெளிநாட்டுக்குத் திரும்பிப் போனபின் திருத்திய படத்தை அனுப்பினாள். அதை வைத்துத்தான் இப்போது வகுப்பில் படிப்பிக்கிறேன். பஸ் உதாரணத்தையும் சொல்கிறேன், அது அவளுடையது என்றும் சொல்கிறேன். பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பிக்கொள்கிறோம். வேறொரு பள்ளிக்கூடத்து ஆசிரியைதான் இப்போது அவளுடைய தமிழைத் திருத்திக் கொடுக்கிறாராம். கேள்விப்பட்ட அன்று அந்த ஆசிரியையின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது.